ஏழாம் நாள் எழுதிக் கொடுத்த சீட்டு

எங்கள் சபையை இதுவரை ஐந்தாறு முறை புதுப்பித்துவிட்டார்கள். நான் சேர்ந்தபோது கணுக்கால் மறைய வெள்ளை அங்கி. ஒரு புதுப்பித்தலில் அது சேலையாயிற்று. இன்னொன்றில் சிற்றாலயத்து நாற்காலிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தோம். எல்லோருக்கும் முழங்கால் வலி வந்ததும் நாற்காலிகள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டன. நடுவில் கிடார் வந்தது, போயிற்று. ஆகவே, "பணியிலும் ஆன்மீகத்திலும் நம்மைப் புதுப்பித்துக்கொள்வோம், ஒவ்வொரு இல்லமும் தன் யோசனையை எழுதி அனுப்புக" என்று இந்த வருடம் சபையின் மாநிலத் தலைவியிடமிருந்து கடிதம் வந்தபோது, ஓய்வு பெற்றவளுக்கு அதில் என்ன வேலை என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

சிஸ்டர் பிரின்சி விடவில்லை. அவர்தான் இப்போது இந்த வீட்டுக்குத் தலைமைச் சகோதரி. என் வயதில் பாதிகூட இல்லை. நல்ல நர்ஸ், நல்ல மனசு. ஒரு நாள் காலைக் காப்பிக்குப் பிறகு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"சிஸ்டர், நாங்க நாலு பேரு ஒரே வீட்டுல இருக்கோம். ஆனா ஜெபத்துல உட்கார்ந்தா ஒவ்வொருத்தர் மனசும் ஒவ்வொரு போன்ல இருக்கு. இப்படியே போனா நாங்க சம்பளம் வாங்காத நர்சுங்க, அவ்வளவுதான். அதனால ஒண்ணு முடிவு பண்ணியிருக்கோம். பழைய மாதிரி எட்டு நாள் மௌனத் தியானம். கேட்டைப் பூட்டிடுவோம். டிஸ்பென்சரி லீவு. போன் எல்லாம் பீரோவுல."

"சரி."

"நீங்க அப்படி இருந்தவங்க. எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. கடிதத்தோட சேர்த்து அனுப்புறோம்."

இதுதான் அந்த இரண்டு பக்கம். அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது.

பதினெட்டு வயதில் சபைக்கு வந்தேன். நவசந்நியாசப் பயிற்சி, நர்சிங் படிப்பு, துறவறத்தின் முதல் வார்த்தைப்பாடு எல்லாம் முடிந்து, இருபதுகளின் கடைசியில் கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி போகும் சாலையில் உள்ள இதே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். அப்போது இங்கே ஏழு பேர். முன்பக்கம் டிஸ்பென்சரி, பின்பக்கம் மடம், நடுவில் ஒரு கதவு. சுற்றிலும் நெல்லும் கரும்பும். வந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் கொல்லை என்று இங்கே சொல்லும் வயல்வெளியில் வேலை செய்கிறவர்கள். பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள்.

அப்போதைய தலைமைச் சகோதரியை நாங்கள் மதர் என்று கூப்பிடுவோம். மதர் நடந்தால் சத்தம் கேட்காது. இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கக் கூடாது என்று அதைக் கைக்குள் பொத்திக்கொண்டே நடப்பார். தூரத்திலிருந்து யாரையும் கூப்பிட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, நாம் நிமிரும்வரை காத்திருந்து பேசுவார். ஆனால் கேள்வி கேட்டால் தப்பிக்க முடியாது. "ஊசி போட்டாச்சு, மதர்" என்றால், "யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கையில?" என்பார். அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். பத்தொன்பதில் இறக்கினால் மறுபடியும் அடுப்பில் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்திருந்தார். பெயரைக் கேட்காமல் நோயாளியின் உடம்பைத் தொடக் கூடாது. குழந்தையாக இருந்தாலும் அதன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் கை வைக்க வேண்டும். நான் அவரைப் பார்த்துப் பயந்தேன். அவரைப் போலவே ஆக வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

வருடத்துக்கு ஒரு முறை எட்டு நாள் தியானம். ஏழு பேரும் வாய் திறக்க மாட்டோம். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமானால் கையைக் காட்டுவோம். ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். அந்த எட்டு நாளுக்கு டிஸ்பென்சரி மூடியிருக்கும் என்று ஒரு வாரம் முன்பே நோயாளிகளிடம் சொல்லி அனுப்புவோம். கேட்டில் பலகை தொங்கும். பலகை படிக்கத் தெரியாதவர்களுக்காக ரோசம்மா என்ற ஊர்ப் பெண்ணைக் காலை முதல் மாலை வரை கேட்டருகில் உட்கார வைப்பார் மதர். அவசரம் என்றால் அவள் மணி அடிப்பாள். யாராவது ஒரு நர்ஸ் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும்.

இதை மதர் ஒளித்து வைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தியானம் தொடங்கும்முன் எங்களை நிற்க வைத்து ஒரே வாசகத்தைச் சொல்வார். "மௌனம் கடவுளுக்காக. வாசல்ல ஆள் வந்தா அதுவும் கடவுளுக்காகத்தான். தேவைன்னா பேசுங்க. அப்புறம் வந்து என்கிட்ட சொல்லுங்க, அது போதும்." இதை நான் அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நடந்ததற்குச் சட்டத்தைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் வந்த மூன்றாவது வருடம். தியானம் கொடுக்க வந்த சாமியார் முதல் நாள் பிரசங்கத்தில், எட்டு நாளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிற ஆன்மா மிகக் குறைவு என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது பந்தயமாகிவிட்டது. இரண்டாம் நாள் ஒரு சிஸ்டர் கால் இடறி "ஐயோ" என்றார். இன்னொருவர் தூக்கத்தில் பேசினார். எல்லாவற்றையும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஏழாம் நாள் மதியம் வந்தபோது அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசாதவள் நான் ஒருத்திதான். மதர்கூட சமையல்கட்டில் இரண்டு வார்த்தை பேசியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஓர் ஆனந்தம். அதைக் கடவுள் தந்த ஆறுதல் என்று தியானக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

மூன்று மணி இருக்கும். ஜெபமாலையோடு கேட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ரோசம்மா சாப்பிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். கேரியரில் ஒரு பெண். தலைமுண்டாசுகூட அவிழ்க்காமல் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

"சிஸ்டரம்மா, ஆலைக்கு கரும்பு வெட்டிகினு இருந்தோம். இவ கால்ல இன்னாவோ கடிச்சிடுச்சி. பாம்புதான்னு சொல்றா. கொஞ்சம் பாருங்கம்மா."

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அவள். "சுருக்குனு கீது, அவ்ளோதான். இவருதான் பயந்துகினு இஸ்தாந்தாரு."

குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். வீக்கம் அதிகமில்லை. அவள் தெளிவாகப் பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் நான் நர்ஸ். வீங்காத பாம்புக்கடியை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்களிடம் விஷ முறிவு மருந்து கிடையாது. உடனே திருத்தணிக்குப் போனால் பெரியாஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிடுவார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

உதட்டின் மேல் விரலை வைத்துத் தலையை அசைத்தேன். பையிலிருந்த தியானக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "பாம்புக்கடி. உடனே திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும். வழியில் எங்கும் நிற்க வேண்டாம்." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் எழுதினேன். அவர் கையில் கொடுத்து, திருத்தணிப் பக்கம் கையை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

நான் நேராகச் சிற்றாலயத்துக்குப் போனேன். மௌனத்தையும் காப்பாற்றி, பிறர்க்கு உதவியும் செய்ய வைத்தாயே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். முழந்தாளில் இருந்து சொன்னேன். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலச் சாப்பாட்டில் ஒரு சிஸ்டர் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். மதர் நேரம் தாழ்த்தி உள்ளே வந்தார். அன்றைக்குத்தான் அவருடைய சாவிச் சத்தத்தைக் கேட்டேன். வாசிப்பை நிறுத்தும்படி கையைக் காட்டினார்.

"மூணு மணிக்கு வாசல்ல யாரு இருந்தது?"

நான் எழுந்து நின்றேன்.

"வந்தவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

ஆறரை நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "எழுதிக் கொடுத்தேன், மதர். திருத்தணிக்கு உடனே போகச் சொல்லி."

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"ஒண்ணும் சொல்லல, மதர்."

"அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டுன்னு நெனச்சு மடியில வச்சுக்கிட்டு, பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அவளுக்குக் கண்ணு திறக்க முடியாமப் போன பிறகுதான் சீட்டை மெடிக்கல் கடையில காட்டியிருக்கார். கடைக்காரர் படிச்சுச் சொல்லியிருக்கார். பெரியாஸ்பத்திரி வாசல்லயே உயிர் போயிடுச்சு."

மதர் இரண்டு சிஸ்டர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் எழுந்தேன். "நீங்க வர வேண்டாம்," என்றார்.

அக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்குக் குற்ற அறிக்கைக் கூட்டம் உண்டு. ஒவ்வொருவராக நடுவில் முழந்தாளிட்டு, அந்த வாரம் ஒழுங்குக்கு எதிராகச் செய்ததை மற்றவர்கள் முன் சொல்ல வேண்டும். கோப்பை உடைத்தேன், மணிக்குப் பிந்தி வந்தேன், இப்படி. என் முறை வந்தது. எந்த ஒழுங்கை மீறினேன் என்று சொல்வது? மௌனத்தை மீறவில்லை. அந்த வீட்டிலேயே மீறாதவள் நான்தான். கடைசியில், "பிறரன்புக்கு எதிராக ஒரு குற்றம் செய்தேன்" என்று பழகிய வாசகத்தைச் சொன்னேன்.

"யாருக்கு எதிரா?" என்றார் மதர். "பேரைச் சொல்லுங்க."

எனக்குப் பெயர் தெரியாது. அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன், பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச வேண்டியிருக்கும். தலையைக் குனிந்தபடி இருந்தேன். மதர் என்னை வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அவரே, "கோவிந்தம்மா" என்றார். வேறு தண்டனை எதுவும் தரவில்லை. அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருடங்களை விரித்து எழுத ஒன்றுமில்லை. பல ஊர், பல டிஸ்பென்சரி. எங்கே போனாலும் "வாயாடி சிஸ்டர்" என்ற பெயர்தான் எனக்கு முதலில் வந்து சேரும். வாசலில் நிற்கிற நாய்க்குக்கூட நாலு வார்த்தை சொல்லாமல் உள்ளே போக மாட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்பு கிடைத்தது. அந்த மன்னிப்பை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பெண் சிரித்தது என்னை விட்டுப் போகவில்லை.

ஓய்வு கொடுத்தபோது எந்த வீட்டில் அறை காலி என்று பார்த்தார்கள். இந்த வீட்டில்தான் இருந்தது. மூன்று வருடமாக இங்கே காலையில் இரண்டு மணி நேரம் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறேன்.

பிரின்சி என்னை எழுதச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனி மாதக் கடைசி. எழுபதை நெருங்கிய ஒருவரை அவருடைய மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். தலைசுற்றல் என்றாள். ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"பேரு என்னங்க?"

"முனிரத்தினம்."

கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்தேன். பிரஷர் அதிகமாகத்தான் இருந்தது. பட்டையைக் கழற்றுவதற்குள் வழக்கம்போல் என் வாய் ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர், இதற்கு முன் இங்கே வந்ததுண்டா என்று கேட்டேன்.

"ஆங், வந்துகீறேன். ரொம்ப வருசம் ஆச்சி," என்றார். "இதோ, இவளுக்கு அப்போ ரெண்டு வயசு. இவ அம்மாவ பாம்பு கடிச்சி, சைக்கிள்ள வச்சி இங்கதான் இஸ்துகினு வந்தேன். வாசல்ல ஒரு சிஸ்டரம்மா இருந்தாங்க. பாவம், ஊமை."

நான் ரப்பர் பந்தைப் பிடித்த கையோடு நின்றேன்.

"இப்டி வாய்மேல கைய வச்சி, பேச வராதுன்னு காட்டினாங்க. இன்னாவோ எழுதிக் குடுத்து, அந்தப் பக்கம் கைய நீட்டினாங்க. எங்க ஊரும் அந்தப் பக்கம்தான். ஒண்ணும் இல்ல, ஊட்டுக்கு இட்னு போன்னு சொல்றாங்கன்னு நெனச்சிகினேன். அவங்க இன்னா பண்ணுவாங்க? வாய் இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"ஊமைன்னு யாரு சொன்னது?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியாது.

"யாரு சொல்லணும்? நான்தான் பார்த்தனே. சாவுக்கு பெரிய சிஸ்டர் வந்தாங்க. அந்தம்மாக்கு வாய் வராதாம்மான்னு கேட்டேன். தலைய குனிஞ்சிகினு நின்னாங்க. ஒண்ணும் சொல்லல."

பத்தொன்பது நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் வித்தியாசம் பார்த்த மதர். அந்த வீட்டு வாசலில் அவரும் வாய் திறக்கவில்லை. எனக்காகவா, மடத்தின் பெயருக்காகவா, தெரியாது. அவர் காலமாகிப் பல வருடங்களாயிற்று.

முனிரத்தினம் பேசிக்கொண்டே இருந்தார். "ஊர்ல எல்லாரும் அந்தம்மாவ திட்டினாங்க. நான் திட்டல. வாயில்லாத ஜீவன் மேல இன்னாத்துக்கு கோவம்? அப்போலேர்ந்து ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும்போதெல்லாம் முருகன்கிட்ட வேண்டிகினு வரேன். அந்தம்மாக்கு வாயக் குடுப்பா, வேற யாருக்கும் இந்த மாதிரி ஆவக்கூடாதுன்னு."

"நாப்பது வருசமா?"

"ஒரு வருசம் உடல. காவடி எடுக்க முடியல இப்போ. படி ஏற முடியுது."

அவருடைய வேண்டுதலை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பட்டையைக் கழற்றி, மாத்திரையைக் கொடுத்து, உப்பைக் குறைங்க என்று சொல்லி அனுப்பிவிடலாம். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் மறுபடியும் ஒரு முறை அதே வீட்டில் அதே ஆளிடம் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அது நான்தாங்க," என்றேன். "நான் ஊமை இல்ல. அப்போ எங்களுக்குத் தியானம். எட்டு நாள் பேசாம இருக்கணும்னு வச்சிருந்தோம். அவசரம்னா பேசலாம்னும் சொல்லியிருந்தாங்க. நான்தான் பேசல."

அவருக்கு முதலில் புரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கும் பேச வருமா உங்களுக்கு?"

"வரும்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் பட்டையைத் தானே பிய்த்துக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நைனா, மாத்திர வாங்கிகினு போலாம்," என்றாள் மகள். அவர் காதில் வாங்காமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் நின்றாள். இரண்டு வயதில் தாயை இழந்தவள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று மதியச் சாப்பாட்டில் நான்கு சிஸ்டர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் அழுதார். பிரின்சி, "மதர் அந்த வீட்டுல தலைய குனிஞ்சதை மட்டும் விட்டுடலாமா சிஸ்டர்? அவங்க இப்ப இல்லையே," என்றார்.

"அதை விட்டா நான் ஒருத்தி கெட்டவ, மடம் நல்லதுன்னு ஆயிடும்," என்றேன்.

ஆகவே கடிதத்துக்கு என் பங்கு இதுதான். ஜெபம் மெலிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வது உண்மை. எட்டு நாள் மௌனம் வேண்டும் என்பதும் சரியே, போனைப் பீரோவில் பூட்டுங்கள். ஆனால் கேட்டைப் பூட்டாதீர்கள். கூலிக்கு ஒரு ரோசம்மாவையும் உட்கார வைக்காதீர்கள். எட்டு நாளும் நீங்களே முறை வைத்து வாசலில் உட்காருங்கள். உட்காருகிறவர் பேச வேண்டும், வருகிறவரின் பெயரைக் கேட்க வேண்டும். அந்த முறையையும் தியான நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஒரு வார்த்தையும் பேசாமல் எட்டு நாளையும் முடிக்கப் போகிறோம் என்று சந்தோஷம் வந்தால், அவரை உடனே வாசலுக்கு அனுப்புங்கள்.

இதை நான் எழுதி முடிப்பதற்குள் ஆடிக் கிருத்திகை வந்து போய்விட்டது. மூன்று நாளாகச் சாலை முழுக்கக் காவடிகள். எங்கள் கேட்டருகில் தண்ணீர் வைத்திருந்தோம். நான் காலை முதல் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் வரவில்லை.

மறுவாரம் அவருடைய மகள் மாத்திரைக்கு வந்தாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான் கீது. கூட்டிகினு போறேன் வா நைனான்னு நானும் கூப்ட்டேன். வரலன்னுட்டாரு. மலைக்குப் போயி இனிமே இன்னாத்த வேண்டிக்கிறதுன்னு கேக்கறாரு."